தேர்வுகள் நின்ற பிறகும் நிற்காத ஞானசேகரம் சார்

ஞானசேகரம் சார் இறந்துவிட்டார் என்ற செய்தியை எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டவள் நான். அதனாலேயே ஒருவரும் நம்பவில்லை. அம்மா வேலை செய்யும் கிளினிக்கில் சாரின் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன செய்தி அது. காலையில் மாரடைப்பு; மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். நான் அதை அப்படியே எழுதினேன். பதிலுக்குச் சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. "துர்கா, எஸ்.பி.எம்ம தள்ளிப்போட இது ஒரு ஐடியாவா லா?" என்று ஒருத்தி கேட்டாள். "சாவுல வெளயாடாதடி" என்றான் இன்னொருவன். பள்ளியிலிருந்து அறிவிப்பு வந்த பிறகுதான் குழு அடங்கியது. ஐந்தாம் படிவத்து அரசுத் தேர்வான எஸ்.பி.எம். தொடங்க ஒரு வாரம்கூட இல்லை. ஒரு மாணவர் தாமதமாக வந்தால் டேவான் என்ற தேர்வு மண்டபத்தின் வாசலிலேயே நிறுத்தி வைத்து விசாரிக்கும் தேர்வுச் செயலாளர், தேர்வுக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார். இதை எந்த வாசலில் நின்று விசாரிப்பது?

ஈப்போவில் எங்கள் பள்ளியில் படித்துவிட்டுப் போனவர்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. வரிசை வரிசையாக மேசை போட்ட அந்தப் பெரிய டேவானில் உங்களையும் வியர்க்க வைத்திருப்பார். ஆனால் உங்கள் காலத்தில் தேர்வு என்று ஒன்று இருந்தது. எங்கள் கதை வேறு. நாங்கள் ஆறாம் ஆண்டுக்கு வந்தோம், யு.பி.எஸ்.ஆர். தேர்வு இல்லை என்றார்கள். மூன்றாம் படிவத்துக்கு வந்தோம், பி.டி.3 இல்லை என்றார்கள். இனி வகுப்பறை மதிப்பீடுதான், ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலைதான் என்றார்கள். உள்ளடக்கத் தரம், கற்றல் தரம் என்று தரம் தரமாகத் தரம் பிரித்தார்கள். நாங்கள் அட்டையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டும் படங்கள் ஆதாரக் கோப்புகளில் நிறைந்தன. பிறகு, வாழ்நாளில் ஒரு பொதுத் தேர்வையும் கண்டிராத எங்களைப் பார்த்து, "இதோ எஸ்.பி.எம்., இதில்தான் உங்கள் எதிர்காலம்" என்றார்கள். இப்போது கீழ் வகுப்புகளுக்கு மறுபடி ஏதோ சோதனை வருமென்று பேசிக்கொள்கிறார்கள். வரட்டும். எதுவானாலும் எங்களைத் தாண்டித்தான் போகும், எங்களைத் தாண்டித்தான் வரும்.

நாடே நிறுத்தியதை அவர் மட்டும் நிறுத்தவில்லை. மூன்றாம் படிவத்திலேயே எங்களை டேவானில் உட்கார வைத்து, எண் ஒட்டி, மணி அடித்து, முழுத் தாளும் எழுத வைத்தார். நாங்கள் அவருக்குச் 'சோதனைசேகரம்' என்று பெயர் வைத்தோம். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்: "சார், கவர்மெண்டே நிப்பாட்டிருச்சு. நீங்க மட்டும் ஏன் சார்?" யாழ்ப்பாண வழியில் வந்த குடும்பம் அவருடையது, எங்களைக்கூட 'நீர்' என்றுதான் அழைப்பார். "சோதனையைத்தான் நிப்பாட்டினவை. ஐஞ்சாம் படிவத்தை நிப்பாட்டேல்லை. இரும்" என்றார். இருந்தேன். வேறு வழி?

நான்காம் படிவத்தின் ஆண்டிறுதித் தேர்வுக்கு முதல் நாள், மேசைகளில் ஒட்டியிருந்த எண்களை நான் கொஞ்சம் மாற்றி ஒட்டினேன். சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் எல்லாம் மறுநாள் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் சேர்ந்தார்கள். காலையில் டேவான் பசார் மாலாம் இரவுச் சந்தை போல ஆகிவிட்டது. சார் சுற்றிப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்கவே இல்லை. "துர்கா, தேர்வு முடிஞ்ச பிறகு என்ர அறைக்கு வாரும்" என்றார். அவ்வளவுதான்.

அந்த அறைக்கு வெளியே என் முறைக்காகக் காத்திருந்தபோதுதான் உள்ளே முகிலனின் குரல் கேட்டது. முகிலன் என் வகுப்பு. சுங்காய்ப் பக்கம், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட இடத்தில் அவன் அப்பா அம்மா இருக்கிறார்கள். அவன் ஈப்போவில் அக்காவின் அடுக்குமாடி வீட்டில் தங்கிப் படிக்கிறான். வரலாற்றுப் பாடத்தில் அவனை எழுப்பிவிட்டால் போதும். மலாக்கா அரண்மனைச் சண்டைகளைப் பக்கத்து வீட்டுச் சண்டை போலச் சொல்வான். வகுப்பறை மதிப்பீட்டில் அவனுக்கு எப்போதும் ஐந்து. அன்றைய வரலாற்றுத் தாளை அவன் வெறுமையாகக் கொடுத்திருந்தான். பெயரைக்கூட எழுதவில்லை. எஸ்.பி.எம்மில் வரலாறு தோற்றால் சான்றிதழே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும்.

"விளங்கேல்லையோ?"

"வெளங்குச்சு சார்."

"பிறகேன்?"

"டேவான்ல சத்தமே இல்ல சார். எல்லாரும் தலய குனிஞ்சதும், என்னமோ என்னைய மட்டும் விட்டுட்டு எல்லாரும் எங்கியோ போயிட்ட மாதிரி இருக்கு. கை நவுர மாட்டேங்குது."

"அடுத்த வருசமும் இப்பிடியெண்டால்?"

"சிங்கப்பூர் போலாம்னு இருக்கேன் சார். மாமா கூப்புடுறாரு. சாப்பாட்டுக் கடையில மங்கு, தட்டு கழுவுற வேல."

அதற்குச் சார் சொன்னார்: "மங்கு கழுவிறது பிழையில்லை. ஆனா வரலாறு தெரிஞ்ச பிள்ளை, வரலாறு தெரியாதெண்டு சொல்லிற தாளோட போகக் கூடாது." கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். "நீரும் உள்ளுக்கு வாரும். இத்தனை பேரை இடம் மாத்தத் தெரிஞ்ச ஆளுக்குக் கண்காணிக்கவும் தெரிய வேணும்."

என் தண்டனை இப்படித்தான் தொடங்கியது. ஐந்தாம் படிவத்தில் ஒவ்வொரு புதன்கிழமையும் பள்ளி முடிந்த பிறகு, காலியான டேவானில் நாங்கள் மூன்று பேர். முகிலன் ஒரு மேசையில். பக்கத்து மேசையில், எழுதும் மாணவராக, சார். நான் கண்காணிப்பாளர். முதல் புதன்கிழமை பெயரையும் எண்ணையும் எழுதிவிட்டு இருவரும் எழுந்து போய்விட்டார்கள். அதற்காக நான் பஸ்ஸை விட்டேன். அடுத்த வாரம் ஒரு கேள்வி. அவன் எழுதவில்லை. சார் மட்டும் எழுதினார்.

கணக்கு வாத்தியார் என்ன வரலாறு எழுதுவார்? கண்டபடி எழுதினார். அதோடு மாணவர் வேடத்தை அவர் ரொம்பவே ரசித்தார். கையைத் தூக்கி, என்னையே மலாயில் ஆசிரியர் என்று கூப்பிடுவார். "சிக்கு, சுவர் மணிக்கூடு பிந்துது."

"சார், நீங்கதான சார் செக்ரட்டரி? நீங்களே சரி பண்ணுங்க."

"இப்ப நான் மாணவன். மாணவன் கதைச்சால் நீர் கண்டிக்க வேணும்."

"சரி. வாய மூடுங்க சார்!"

என் பள்ளி வாழ்க்கையிலேயே நான் மிகவும் அனுபவித்துச் சொன்ன வாக்கியம் அது. முகிலன் சத்தமாகச் சிரித்துவிட்டான். சிரித்த கையோடு இரண்டு வரி எழுதினான். பிறகு சாரின் தாளை எட்டிப் பார்த்து, "அலாமாக், சார், இந்த சுல்தான் அவருக்குத் தாத்தா, மகன் இல்ல" என்றான். கண்காணிப்பாளர் என்ற முறையில் நான் இருவரையும் கண்டித்தேன்.

மாதங்கள் போயின. முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முன்னோட்டத் தேர்வில், நிறைந்த டேவானில், முகிலன் அரைப் பக்கம் எழுதினான். எனக்கு அழுகை வராத குறை. "அரைப் பக்கத்துக்கா சார் இத்தன புதன்கிழம? சூசா லா சார், இது நடக்காது" என்றேன். சாருக்கோ முகம் கொள்ளாத மகிழ்ச்சி. "போன முறை பூச்சியம். இது அதைவிட எத்தனை மடங்கெண்டு வகுத்துப் பாரும்" என்றார். பூச்சியத்தால் வகுக்க முடியாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அதைச் சொன்னேன். "அதைத்தான் நானும் சொல்லுறன்" என்றார். இந்த மனிதரோடு வாதாடி யாராவது ஜெயித்திருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.

அந்த அரைப் பக்கத்தோடு அவர் போய்விட்டார். மரண வீட்டு வாசலில், செருப்புகளுக்கு நடுவில், முகிலன் நின்றுகொண்டிருந்தான்.

"நான் எழுத வரல துர்கா. சிங்கப்பூருக்கு மாமாட்ட சொல்லிட்டேன்."

"என்னடா ஒளர்ற?"

"பக்கத்துல யாரு இருப்பா?"

ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குக் கோபம்தான் வந்தது. சார்மேல், அவன்மேல், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் கடைசியில் கொண்டுபோய் வைத்தவர்கள்மேல். "எவனாச்சும் இருப்பான்! நீ வரலனா ஒன் மேச காலியா இருக்கும். அதப் பாத்துக்கிட்டே நான் எழுதணும். என் வரலாறும் ஊத்திக்கும். வந்து தொலடா, மச்சான்" என்றேன். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

வரலாற்றுத் தேர்வு அன்று அவன் வந்தான். கண்காணிப்பாளர்கள் வேறு பள்ளியிலிருந்து வந்தவர்கள். அவனைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தொடங்கலாம் என்றார்கள். எல்லாத் தலைகளும் குனிந்தன. நான் குனியவில்லை. முகிலன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தான். பேனா தனியாகக் கிடந்தது. ஒரு கண்காணிப்பாளர் என் அருகில் வந்து, என் தாளை விரலால் தட்டிவிட்டுப் போனார். அப்போதும் நான் குனியவில்லை. முகிலன் மெதுவாகத் தலையைத் திருப்பி, பக்கத்து மேசையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதிய பையனைப் பார்த்தான். வேறு வகுப்புப் பையன். நாங்கள் ஒருமுறைகூடப் பேசியதில்லை. பிறகு முகிலன் பேனாவை எடுத்தான். அவன் முதல் பக்கத்தைத் திருப்பும்வரை பார்த்துவிட்டுத்தான் நான் என் தாளைத் திறந்தேன். அதனால் எனக்குக் கடைசிக் கேள்வி முடியவில்லை. அதற்கும் சாரைத்தான் திட்டினேன்.

முடிவுகள் இன்னும் வரவில்லை. எனக்கு வரலாற்றில் என்ன வரும் என்று கேட்காதீர்கள். சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு கெட்ட பழக்கம். கண்காணிக்கத் தொடங்கிய புதிதில், கொப்பியடிப்பவனை எப்படிப் பிடிப்பது என்று அவரிடம் ஆவலாகக் கேட்டேன். "அவனை விடும். அவன் எப்பிடியும் எதையாவது எழுதிப்போடுவான். இன்னும் தொடங்காமல் இருக்கிறது ஆர் எண்டு பாரும்" என்றார். இப்போது எங்கே போனாலும் என் கண் அதைத்தான் செய்கிறது. நிறுத்தச் சொன்னாலும் நிற்பதில்லை.