கெண்டித் தண்ணீர்

என் வீட்டுக்காரர் இறந்து மூன்றாம் மாதம், அடுத்த வீட்டு அக்கா வேலியோரம் வந்து நின்றாள். "நங்கி, ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல அவருக்காகத் தானம் குடுக்கிறோம். நீங்க வந்து கெண்டியப் பிடிக்கணும்," என்றாள். வாய் நீளம் என்று ஊரெல்லாம் பேர் வாங்கினவள் நான். அன்றைக்கு "வாறேன்க்கா" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

அக்கா சிங்களப் பௌத்தம்; தங்கச்சி என்பதைத்தான் நங்கி என்பாள். நாங்கள் வேதக்காரர். என் கூடப்பிறந்த அண்ணன் மாத்தளையில் போதகர். பலாபத்வலயில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே வேலி. அக்காவின் அம்மா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனது என் வீட்டுக்காரர்தான். அதற்கு அக்கா தனக்குத் தெரிந்த வழியில் ஏதாவது செய்யப் பார்த்தாள்.

இதில் கூத்து என்னவென்றால், மூக்கு வைத்த அந்தத் தண்ணீர்க் கெண்டியைப் பற்றி நானே ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். சனிக்கிழமைகளில் கண்டிக்கு பஸ் ஏறி பௌத்தம் படிக்கப் போகிறேன். சுற்றியிருக்கிற சனம் கும்பிடுவது இன்னதென்று தெரியாமலே கிழவியாகிவிடக் கூடாது என்று ஒரு வீம்பு. ஹாமுதுருமாருக்கு, அதாவது பிக்குமாருக்கு, சாப்பாடு கொடுத்துத் தானம் முடிந்ததும் செத்தவரின் சொந்தங்கள் சேர்ந்து கெண்டியைப் பிடித்து, தட்டில் வைத்த கோப்பையில் தண்ணீர் ஊற்றுவார்கள். கோப்பை நிறைந்து வழியும்வரை ஹாமுதுருமார் ஓதுவார்கள். தானத்தின் புண்ணியம் செத்தவருக்குச் சேரும். கெண்டி எட்டாதவர்கள் முன்னால் இருப்பவரின் தோளைத் தொட்டால் போதும், அவர்களும் ஊற்றியதாகவே கணக்கு. இதையெல்லாம் கண் கலங்காமல் எழுதினேன். அப்போது அவர் இருந்தார். பக்கத்தில் இருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார். எழுத்துப் பிழை பார்த்தது அண்ணன்.

"இது மெய்யா பொய்யான்னு கேக்காதீங்க, செய்யிற மனுசனுக்கு என்ன நடக்குதுன்னு பாருங்க," என்பார் எங்கள் விரிவுரையாளர். பார்க்கலாம், நடப்பது அடுத்தவனுக்கு என்றால். வகுப்பில் என் பக்கத்து வாங்கில் இருக்கும் இளம் ஹாமுதுருவிடம் கேட்டேன், என் புருஷனுக்கு அது போய்ச் சேருமா என்று. அவர் ஒளிக்காமல் சொன்னார்: "நல்ல இடத்தில் இருந்தால் அவருக்கு அது தேவைப்படாது. ஆனால் கொடுக்கிறவர் மனசு ஆறும்."

அண்ணனுக்கு மனசு ஆறுவது மட்டும் போதாது. "படி, பாரு, வேணாங்கல. ஆனா கைய வைக்காத தங்கச்சி. அவரு கர்த்தர்கிட்ட பத்திரமா இருக்காருன்னு சொல்லித்தானே அடக்கம் பண்ணினோம்? இப்ப தண்ணி ஊத்துனா, அவருக்கு இன்னும் ஏதோ கொறையுதுன்னு ஆகிடாதா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் காரணம். ஊற்றினால் என் வீட்டுக்காரரின் விசுவாசத்தை நானே சந்தேகப்பட்ட மாதிரி. ஊற்றாவிட்டால், அவருக்காக விடிய முன்பே எழும்பிச் சமைக்கிற அக்காவின் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் வந்தார், என்னைத் தனியே அனுப்ப மனமில்லாமல். ஓரத்தில் ஒரு கதிரையில் விறைப்பாக உட்கார்ந்தார். ஹாமுதுருமார் சாப்பிட்டு முடித்தார்கள். பாயில் இருந்த என் பக்கம் அக்கா கெண்டியை நீட்டினாள். சம்பல் இடித்து அவள் விரல்கள் சிவந்திருந்தன. என் வீட்டுக்காரருக்கு இடித்த சம்பல் என்றால் உயிர். அதை அவள் மறக்கவில்லை. எனக்கு அதற்குமேல் யோசிக்க முடியவில்லை. கையை வைத்தேன்.

தண்ணீர் விழ ஆரம்பித்தது. அடக்கத்தன்று அழாத அழுகை அங்கே வந்தது, சத்தமாக, வெட்கமில்லாமல். கதிரை நகர்வது கேட்டது. அண்ணன் பின்னால் வந்து முழங்காலிட்டு என் தோளில் கையை வைத்தார். சின்ன வயதில் நான் விழுந்தெழும்பி அழும்போது வைக்கிற அதே கை. கோப்பை நிறைந்தது, தட்டில் வழிந்தது, ஓதி முடிந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது எனக்கு அண்ணனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவம் மனுஷன், தெரியாமல் மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். மெதுவாகச் சொன்னேன்:

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. தோளத் தொட்டா, தொட்டவங்களும் ஊத்துன மாதிரித்தான்."

அண்ணன் குனிந்து மற்றச் செருப்பைத் தேடினார்.

"ஒன் கட்டுரையத் திருத்துனது யாரு?" என்றார்.