கேட்டால் வேர் பிடிக்காத கொடி

மிக்லெனா அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த புதிதில், மூன்றாம் மாடி டென்காவிடம் மெழுகுப்பூக் கொடியில் ஒரு கிளை கேட்டாள். கண்ணாடி அடைத்த பால்கனியில் கம்பி வளையத்தைச் சுற்றிப் படர்ந்திருந்தது அது. தடித்த இலைகளுக்கிடையே இளஞ்சிவப்புப் பூக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின.

"தர மாட்டேன்," என்றாள் டென்கா, காப்பியை ஊற்றிக்கொண்டே.

மிக்லெனா முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டாள்.

"எதுக்கும்மா மன்னிப்பு? கேட்டு வாங்குனா வேர் பிடிக்காது. திருடணும். நம்ம ப்ளெவென் ஊர்ல எந்த வீட்டுச் செடி கேட்டு வந்திருக்கு?"

"எனக்குத் திருடிப் பழக்கமில்லக்கா."

"டீச்சராச்சே. அப்ப காப்பியக் குடி."

மற்ற வீட்டுப் பெண்கள் ஏன் இதைத் திருடவில்லை என்று மிக்லெனா கேட்டாள். இந்தக் கொடி இருக்கும் வீட்டில் ஆண் தங்க மாட்டான் என்பது அவர்கள் நம்பிக்கை. டென்காவின் கணவன் ஜெர்மனிக்கு வேலைக்குப் போய்த் திரும்பாததே அதற்குச் சாட்சியாம்.

"செடி என்ன பண்ணும்? பஸ்ஸேத்தி விட்டவ நானு," என்றாள் டென்கா.

அவள் மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ்ஸில் கண்டக்டர். வேலை முடிந்து வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் நேரே பால்கனிக்குத்தான் போவாள். அங்கே அவள் செய்வதைப் பார்க்க மிக்லெனா அடிக்கடி படியிறங்கினாள். பூ உதிர்ந்த மொட்டைக் காம்பை டென்கா வெட்டமாட்டாள்; அடுத்த பூவும் அதே காம்பில்தான் வரும். மொட்டு விட்டபின் தொட்டியைத் திருப்பினால் எல்லாம் கொட்டிவிடும் என்று, தொட்டியில் ஜன்னலைப் பார்த்த பக்கம் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தாள். மண் காய்ந்த பிறகே தண்ணீர்.

அடுத்த வசந்தத்தில் வார்னா நகரிலிருந்த டென்காவின் தங்கைக்கு ஆபரேஷன். வீட்டுச் சாவியைத் தரைத்தளத்து தோஷோவிடம் கொடுத்துவிட்டுப் போனாள் டென்கா. குழாய் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றினார். இலைகள் சுருங்கின. தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினார்.

டென்கா திரும்பியபோது தொட்டியிலிருந்து அழுகல் வாடை வந்தது. தோஷோ தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"தெனமும் அதுகிட்டப் பேசக்கூடச் செஞ்சேனே, டென்கா."

"அதுலதான் செத்துச்சு," என்றாள். அதற்குமேல் அவரைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

கெட்டியாக இருந்த நுனிகளை வெட்டித் தண்ணீரில் வைத்தாள். எல்லாம் கறுத்தன. அழுகல் தண்டுக்கும் ஏறியிருக்கலாம் என்றாள் மிக்லெனா. இருக்கலாம் என்று டென்காவும் ஒப்புக்கொண்டாள். ஆனாலும் தன் வீட்டில் தானே வெட்டியது திருட்டாகுமா என்ற சந்தேகம் அவளை விடவில்லை. வளையத்தின் உச்சியில் ஒரே ஒரு கிளை மட்டும் இன்னும் பச்சையாக இருந்தது. அதில் கத்தரியை வைக்க அவளுக்குக் கை வரவில்லை.

சனிக்கிழமை காலை மிக்லெனாவின் கதவைத் தட்டினாள்.

"நான் ரொட்டி வாங்கப் போறேன். வீட்டப் பூட்டல. மேல இருக்கிற கிளை, ரெண்டு கணு சேத்து வெட்டிக்க. சட்டைக்குள்ள மறைச்சு எடுத்துட்டு வந்துடு. நான் வந்ததும் யார்றா திருடுனதுன்னு மாடி முழுக்கக் கத்துவேன். நீ மட்டும் ஒத்துக்காதம்மா."