மீன் தொட்டியில் சிவந்த கை

போன வெள்ளிக்கிழமை என் மகள் கல்லூரியிலிருந்து ஒரு சின்னக் காகிதக் கட்டு கொண்டுவந்தாள். சிவப்புத் தாளை விரல் அகலத்துக்கு நறுக்கிவைத்த மாதிரி. லிட்மஸ் என்று பேராம். வீட்டில் நனைகிற பொருள் ஒன்றையும் அவள் விடவில்லை. மோரில் முக்கினாள், சிவப்பாகவே இருந்தது. சோப்புத் தண்ணீரில் முக்கினாள், நீலமாகிவிட்டது. வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைத்து அதிலும் முக்கினாள். அதுவும் நீலம்.

"காரம் இருந்தா நீலமாவும்ப்பா. புரியுதா?" என்றாள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு விளக்குகிற பொறுமை அவள் குரலில் இருந்தது.

எனக்குப் புரிந்தது. ஆனால் அந்தச் சுண்ணாம்பு மணம் மூக்கில் ஏறியதும் நான் அங்கே இல்லை. கல்யாணமான புதிதில், பின்முற்றத்தில், செத்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மகளிடம் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. எதிரில் ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பேச்சு பாதியில் நின்றுவிடும். நீங்கள் பார்க்கவில்லை என்பதால் உங்களிடம் சொல்லலாம்.

அப்போது நான் கோட்டாற்றில் ஒரு சாயிபுவின் பலசரக்கு மண்டியில் வேலை பார்த்தேன். மிளகும் சுக்கும் வற்றலும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். சட்டை, தலைமுடி எல்லாம் அந்த நெடிதான். கல்யாணமாகி வந்த என் மனைவியிடமிருந்து நான் முதலில் கேட்ட சத்தம் பேச்சு இல்லை, தும்மல். நான் பக்கத்தில் போனாலே தும்முவாள். எனக்கு வெட்கமாகிவிடும், தள்ளிப்போய்விடுவேன். அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாளோ என்னவோ, அவளும் தள்ளியே இருந்தாள்.

ஒருநாள் கால் கழுவிக்கொண்டிருந்தவள், யாரிடமும் சொல்லாத மாதிரி சொன்னாள்: "எங்க ஊரு வாய்க்கால்ல கால வச்சா மீனு வந்து கொத்தும்."

அவள் ஊர் பூதப்பாண்டி. வாசலில் வாய்க்கால். எங்கள் வீட்டில் இருந்தது ஒரு ஆழக் கிணறும், என் அம்மையும். அவளுக்கு ஊர் ஏக்கம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

என் முதலாளி கொழும்பில் கடை வைத்திருந்தவர். அங்கே ஒரு துரை வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் மீன் நீந்துவதைப் பார்த்ததாக அடிக்கடி சொல்வார். "மீனப் பாத்துட்டு அந்த வீட்டுக்காரன பாக்க மறந்துட்டேம்வே" என்பார். அது மனதில் கிடந்தது. மண்டியில் ஒரு பழைய கண்ணாடி அலமாரியைப் பிரித்தபோது, நல்லதாக இருந்த ஒரு கதவுக் கண்ணாடியைக் கேட்டேன். நான் வாய் திறந்து கேட்ட முதல் பொருள் என்பதால் அவர் காரணம் கூடக் கேட்கவில்லை.

அடுத்த வீட்டில் மாசானம் கொத்தனார் இருந்தார். கிணற்றடியில் மூன்று பக்கம் செங்கலும் ஒரு பக்கம் கண்ணாடியுமாக ஒரு தொட்டி கட்டிக் கொடுத்தார். சிமிண்டு அப்போது பெரிய இடத்துச் சரக்கு. எங்களுக்குச் சுண்ணாம்புச் சாந்துதான், கடல் சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. கண்ணாடி ஓரத்தில் ஒழுகிய இடத்தில், கடலில் போகிற வள்ளத்துக்குப் பூசுகிற மாதிரி குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி அடைத்தார். உள்பக்கம் வெள்ளையடித்து முடித்ததும் தொட்டி கோயில் போல இருந்தது.

பழையாற்றில் பிடித்த கெண்டைக் குஞ்சுகளைக் குடத்தில் கொண்டுவந்து விட்டேன். என் மனைவி கண்ணாடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன், அதுவும் கண்ணாடியில் நிழலாக.

மறுநாள் காலையில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மத்தியானம் மிதந்தன.

கிணற்றுத் தண்ணீர்தான் சேரவில்லை என்று நினைத்தேன். ஆற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து நிரப்பி, வேறு குஞ்சுகளை விட்டேன். அவையும் செத்தன. அம்மைக்கு இது மீன் விஷயமாகத் தெரியவில்லை. எங்கள் பக்கம் வீட்டில் ஒரு கெட்டது நடந்தால் சுண்ணாம்பு அடித்துத்தான் தீட்டுக் கழிப்பார்கள். காலராக் காலத்தில் கிணற்றுக்குள்ளேயே சுண்ணாம்பைக் கொட்டுவார்கள். அம்மை தொட்டியைத் தேய்த்துக் கழுவி, உள்ளே இன்னொரு கை வெள்ளையடித்தாள். புது மீன் விட்டேன். இந்தத் தடவை சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை. அம்மை மறுபடியும் வெள்ளையடித்தாள்.

நாலாவது தடவை விட்ட மீனும் செத்தபோது அம்மை அடுக்களையிலிருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "வாயில்லா ஜீவன். வந்தவ நேரம் அப்பிடி. ஆடிக்கு அழைக்க வருவாவல்லா, போட்டும். தை பொறந்த பெறவு பாப்போம்."

ஆடிக்குத் தாய்வீடு போகிற புதுப்பெண் ஆவணியில் திரும்பிவிடுவாள். தை என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனி பாதி கழிந்திருந்தது. நான் அம்மையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். தூணைச் சுரண்டிக்கொண்டு நின்றேன். அவளைச் சிரிக்க வைக்கக் கட்டிய தொட்டி அவளையே வெளியே அனுப்பப் போகிறது என்று மட்டும் தெரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, முகத்திலும் கையிலும் மஞ்சள் பூசி வந்தாள். மூலையில் கிடந்த கடைசி மீனை எடுக்க முழங்கை வரை தொட்டிக்குள் கைவிட்டாள். எடுத்தவள் "ஐயோ" என்றாள். கை சிவந்திருந்தது. ரத்தம் என்று நினைத்து நான் ஓடினேன். காயம் எதுவும் இல்லை. தண்ணீர் பட்ட இடம் வரைக்கும் சிவப்பு, அதற்கு மேலே மஞ்சள், வளையல் போட்ட மாதிரி ஒரு கோடு.

அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம், வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, ஒரு வேலை சொன்னாள்: "ரெண்டு கிண்ணம் எடுத்துட்டு வாங்க."

ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் தொட்டித் தண்ணீர். இரண்டிலும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டாள். கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. தொட்டித் தண்ணீர் அப்படியே ஆரத்தி. இரண்டு கிண்ணத்தையும் அடுக்களை வாசலில், அம்மை முன்னால் வைத்தாள்.

"அத்தை, எங்க ரெண்டு பேருக்கும் ஆரத்தி எடுத்தது நீங்கதான. மஞ்சள்ல என்னத்தப் போட்டு சிவக்க வச்சிய?"

அம்மை கிண்ணத்தைப் பார்த்தாள்.

"தொட்டியில சுண்ணாம்பு ஊறி எறங்குது அத்தை. மீனு வெந்து சாவுது. எனக்க நேரத்தால இல்ல."

கிண்ணத்தை அம்மை பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். அம்மை எழுந்து உள்ளே போனாள். ஏதோ பாத்திரம் உருளுகிற சத்தம். திரும்பி வந்தபோது இடுப்பில் குடம்புளி போட்ட பீங்கான் பரணி. மீன்குழம்புக்கு என்று வருஷத்துக்கு வாங்கி, உப்புப் போட்டு வைத்திருந்த புளி. என்னைக்கூடத் தொடவிட மாட்டாள். அதை எடுத்து உப்புப் போகக் கழுவி, தொட்டிக்குள் கவிழ்த்தாள்.

"சுண்ணாம்பு புளிக்குத்தான் அடங்கும்" என்றாள், சுவரைப் பார்த்து.

வெள்ளையடித்ததைச் சுரண்டிவிட்டு, புளித்தண்ணீரை ஊறவிட்டோம். சுண்ணாம்பை இழுக்கும் என்று வாழைத்தண்டையும் வெட்டிப் போட்டோம். இறைத்துக் கொட்டி மறுபடி நிரப்பினோம். மாசானம் கொத்தனார் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்ன வே, புளி கரைச்சாச்சு. தேங்கா அரைக்கலியா?"

"மீனு மட்டும் இல்ல ஓய், கொண்டு வாரும்" என்று அம்மைதான் பதில் சொன்னாள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது.

அதன் பிறகு தினமும் காலையில் அவள் கையில் மஞ்சள் பூசித் தொட்டிக்குள் விட்டுப் பார்ப்பாள். முதலில் செங்கல் நிறமாக வந்தது. பிறகு லேசான காவி. அம்மை சாணி தெளிக்கிற சாக்கில் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பாள், கேட்க மாட்டாள். ஆடி பிறக்கச் சில நாள் இருக்கும்போது, ஒரு காலையில் கையை வெளியே எடுத்தவள் அதை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள். அம்மையால் பொறுக்க முடியவில்லை. வாளியைக் கீழே வைத்தாள்.

"கை என்ன சொல்லுகு மக்களே?"

"மக்களே" என்பது எங்கள் பக்கம் பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற சொல். அதுவரை அவள் "வந்தவ". பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. என் மனைவி கையைத் திருப்பிக் காட்டினாள். விரல் நுனி வரை மஞ்சள், சிவப்பே இல்லை. காட்டிவிட்டு அழுதாள். அம்மை முந்தானையால் அந்தக் கையைத் துடைத்துவிட்டாள்.

அன்று விட்ட கெண்டைகள் பிழைத்துக்கொண்டன. ஆடிக்குப் போனவளை, ஆவணி பிறந்த அன்றே அம்மை வில்வண்டி பிடித்துப்போய்த் தானே கூட்டிவந்தாள். வருகிற வழியெல்லாம் தும்மிக்கொண்டே வந்தார்களாம் இரண்டு பேரும். வண்டியில் எங்கள் மண்டி மிளகு மூட்டை ஒன்றும் இருந்திருக்கிறது.

தொட்டி இப்போது இல்லை. கிணற்றடியைக் குளியலறையாக்கியபோது இடித்தோம். கண்ணாடி முதலில் உடைந்தது. பழையாற்றில் குடத்தை முக்கினால் குஞ்சு மீன் ஏறுவதும் இல்லை. அம்மை போய்ப் பல வருஷமாகிவிட்டது.

மகள் கடைசியாகக் கிணற்றுத் தண்ணீரில் காகிதத்தை முக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது:

"என்ன சொல்லுகு மக்களே?"

மகள் ஏதோ சொன்னாள், நான் கேட்கவில்லை. அரிவாள்மணையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி சட்டென்று நிமிர்ந்து அடுக்களை வாசலைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. கையைத் திருப்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். இப்போதெல்லாம் அவளும் மஞ்சள் பூசுவதில்லை, சோப்புதான். பிறகு குனிந்து நறுக்கத் தொடங்கினாள்.