போயா நாளில் பூட்டிய சேர்வர்

சுபாஷினி சேர்வரில் கை வைக்க வெசாக் போயாவை, அந்தப் பௌர்ணமி விடுமுறையை, தெரிந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. கொழும்பில் இந்த வேலை செய்பவர்கள் போயாவுக்குத்தான் காத்திருப்பார்கள். அலுவலகம் மூடிக் கிடக்கும். எதையாவது கழற்றிப் பூட்டினாலும் ஏன் என்று கேட்க ஆள் வராது. ஆனால் நோயாளிக்குப் போயா கிடையாது. அதை அவள் மறந்துபோனாள்.

வயது முப்பத்தாறு. கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டின் பின்னறையில் தனியாக இருக்கிறாள். பொகவந்தலாவையிலிருந்து கொழும்புக்கு மூட்டை தூக்க வந்த அப்பா சுடலைமுத்து, மகள் படிக்கட்டும் என்று யாரோ கழித்த கணினி ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் விண்டோஸ் ஓடவில்லை, லினக்ஸ் ஓடியது. அவளுடைய பிழைப்பு அங்கே தொடங்கியது. இப்போது சின்னச் சின்ன அலுவலகங்களுக்கு லினக்ஸ் சேர்வர் அமைத்து, அது இளைக்காமல் ஓடும்படி பார்த்துக்கொள்கிறாள்.

அவற்றில் ஒன்று வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. முன்பு வார்டில் தாதியாக இருந்த நாகேஸ்வரி நடத்தும் பராமரிப்பு நிலையம் அது. அலுவலகத்தில் நாலு பேர். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்க்கும் பெண்கள் இருபதுக்கு மேல். யாருக்கு எந்த வீடு, என்ன மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் அலுவலக அலமாரிக்குள் இருக்கும் ஒரே சேர்வரில். பெண்கள் அதைக் கைபேசியில் பார்ப்பார்கள். தாளில் எழுதுவதைப் போன வருடமே விட்டுவிட்டார்கள்.

கைபேசியில் பக்கம் திறக்க நேரம் எடுக்கிறது என்று பெண்கள் ஓயாமல் குறை சொன்னார்கள். சுபாஷினி தரவுகளுக்குக் கூடிய நினைவகம் ஒதுக்கினாள். சேர்வர் பதில் சொல்லத் தாமதித்தால், தன்னுள் கடைசியாக இறங்கிய எல்லா வீடுகளின் பிரதியையும் கைபேசி காட்டும்படியும் செய்தாள். எல்லோரும் மெச்சினார்கள்.

அன்று பாக்கி இருந்தது பாதுகாப்பு வேலை. சேர்வருக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று சொல்லும் விதிகளை மாற்ற வேண்டும். வேண்டியவர்களுக்கு முதலில் வழி விட்டு, பிறகுதான் மற்றவர்களை மறிக்க வேண்டும். வழக்கமாக அவள் இன்னொன்றும் செய்வாள். தான் தடுக்காவிட்டால் கொஞ்ச நேரத்தில் விதிகள் தாமாகவே பழையபடி ஆகும்படி ஒரு கட்டளை வைத்துவிடுவாள். நோயாளியின் கை கம்பியைப் பிடித்த பிறகுதானே நாம் பிடியை விடுகிறோம், அதுபோல. அன்று வைக்கவில்லை, போயாதானே என்று. மதியச் சோற்றுக்கு முன் முடித்துவிடும் அவசரத்தில் மறிக்கும் வரியை முதலில் அடித்தாள். திரை அப்படியே உறைந்தது. எல்லோரோடும் சேர்த்துத் தன்னையும் வெளியே வைத்துப் பூட்டிவிட்டாள்.

வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர்வரின் முன்னால் உட்கார்ந்தால் சரிசெய்துவிடலாம். அதுவரை கைபேசிகள் பழைய பிரதியைக் காட்டும், ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. செருப்பை மாட்டும்போதுதான் நாகேஸ்வரி முதல்நாள் மாலை அனுப்பிய செய்தி நினைவுக்கு வந்தது. இராசரத்தினம் ஐயாவுக்கு இரத்தத்தில் சீனி இறங்கி மயங்கி விழுந்ததால் டொக்டர் இன்சுலினைப் பாதியாக்கிவிட்டார், சேர்வரில் போட்டிருக்கிறேன், என்றது அது.

தன் கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். பழைய முழு அளவு, ஒரு குறையும் இல்லாமல், பளிச்சென்று நின்றது.

அந்த வீட்டுக்கு வழக்கமாகப் போகிறவள் வெசாக்குக்கு ஊருக்குப் போய்விட்டாள். மதியத்துக்குப் போவது ரூபிகா, ஐயாவுக்குப் புதியவள். சுபாஷினி அவளுக்கு அழைப்பெடுத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. வாசலில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட வேண்டும் என்பது நிலையத்தின் விதி.

நாகேஸ்வரி நுகேகொடையில் தங்கை வீட்டில் இருந்தார். சுபாஷினி சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, நான் சேர்வரப் பூட்டிட்டேன். போன்ல ராசரத்தினம் ஐயாவோட பழைய அளவுதான் காட்டுது. ரூபிகா எடுக்குறா இல்ல."

நாகேஸ்வரி உடனே முடிவெடுத்தார். "வீட்டுப் போன் நம்பர் அனுப்புறன். நீர் அங்கை அடியும். நான் அவவின்ர கைபேசிக்கு விடாமல் அடிக்கிறன்."

இரண்டாவது மணியடிப்பிலேயே இராசரத்தினமே எடுத்தார்.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

"ஐயா, நான் நாகேஸ்வரி அக்காவோட ஒபிஸ்ல கம்ப்யூட்டர் பாக்குறவ. ரூபிகா வந்துட்டாங்களா?"

"வந்திட்டா. ஊசியும் கையுமா நிக்கிறா. எனக்கு ஊசி குத்தக் கம்ப்யூட்டரும் வேணுமோ பிள்ளை?"

"போன அவங்ககிட்ட குடுங்க ஐயா."

"பொறும். நான் விழுந்த கதை தெரியுமோ உமக்கு? குளிக்கிற அறை வாசலிலை..."

"ஐயா! போனக் குடுங்க!"

"அம்மாடி! ரீச்சர் மாதிரியெல்லோ கத்துறா. இந்தா பிள்ளை, உனக்குத்தான்."

ரூபிகாவின் குரல் வந்தது. "அக்கா, மருந்து எடுத்துட்டேன். என்ன அவசரம்?"

"போடாதீங்க. போன்ல இருக்குறது பழசு. டொக்டர் பாதியாக்கிட்டாரு."

"போன்ல முழுசாத்தான இருக்கு?"

"அது என்னோட பிழை. பாதிதான்."

"அக்கா, கோவிக்காதீங்க. நீங்க கம்ப்யூட்டர் ஆளு. நீங்க வாயால சொல்லி நான் அளவு மாத்த முடியாது. மேடம் சொல்லணும்."

"மாத்த வேணாம். ஊசியக் கீழ வைங்க. நான் போன வைக்கிறேன், மேடம் இதே நம்பருக்கு எடுப்பாங்க. அதுவரைக்கும் ஒண்ணும் குத்தாதீங்க."

"எனக்குப் பசிக்குது" என்று பின்னால் இராசரத்தினம் சொல்வது கேட்டது.

சுபாஷினி நாகேஸ்வரிக்குச் சொல்லிவிட்டுக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அடுத்த அறைக்காரர்கள் வெசாக் கூட்டு விளக்குகள் பார்க்கப் போவதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். திரையில் உறைந்த வரி அப்படியே நின்றது. கணினியை மூடினாள், மறுபடி திறந்தாள். எழுந்து தண்ணீர் வார்த்தாள், குடிக்கவில்லை. ரூபிகா போன பிறகு அந்த மனிதர் இன்னொரு முறை விழுந்தால் எழுப்புவதற்கு வீட்டில் இருப்பது நடக்க முடியாத மனைவி மட்டும்தான்.

கைபேசி அதிர்ந்தது.

"பாதிதான் குத்தினது," என்றார் நாகேஸ்வரி. "ஐயா சோறு சாப்பிடுறார். மற்ற வீடுகளுக்கும் நான் சொல்லுறன். நீர் வெளிக்கிடும். ஒபிஸ் திறப்போட வாறன்."

பம்பலப்பிட்டியில், வெசாக்குக்கு இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் தன்சல் வரிசை வீதியை அடைத்துக் கிடந்தது. முச்சக்கர வண்டிக்காரன் ஐஸ்கிரீம் வாங்கித் தரட்டுமா என்று கேட்டான். அவள் இறங்கி மிச்சத் தூரத்தை நடந்தாள்.

நாகேஸ்வரி அலமாரியைத் திறந்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். "உம்மட சொல்லைக் கேட்டு ரூபிகா அளவை மாத்தியிருந்தா, இண்டைக்கே அவவை நிப்பாட்டியிருப்பன்."

"அப்ப என்னய?"

"உம்மை நிப்பாட்டினா இந்தப் பெட்டியை ஆர் திறக்கிறது? இருந்து வேலையைப் பாரும்."

சுபாஷினி விசைப்பலகையை நேராகச் சேர்வரில் செருகி, வழியைத் திறந்து, விதிகளை முறைப்படி போட்டாள். தாமாகத் திரும்பும் கட்டளையை இம்முறை மறக்கவில்லை. பிறகு, எல்லோரும் மெச்சிய அந்த வேகத்தை மருந்துப் பக்கத்திலிருந்து கழற்றினாள். இனி அந்தப் பக்கம் சேர்வரைக் கேட்டுத்தான் காட்டும். பதில் வராவிட்டால் வெறுமையாக நிற்கும், கீழே நாகேஸ்வரியின் தொலைபேசி எண் மட்டும் தெரியும்.

மறுநாள் காலை ரூபிகா அழைத்தாள்.

"அக்கா, மருந்துப் பக்கம் திரும்பவும் சுத்திக்கிட்டே இருக்கு."

"சுத்தட்டும்," என்றாள் சுபாஷினி. "அளவு வந்து நிக்கிற வரைக்கும் ஊசியத் தொடாதீங்க."