மூச்சுக்குத் தந்த மாத்திரை

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கில் வேலை பார்க்கும் என் கணவருக்குத் தூசியால் அடிக்கடி மூச்சு இரைக்கும். தெருமுனை மருந்துக் கடைக்காரர் டாக்டர் சீட்டு கேட்காமலேயே ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார். இரைப்பு நின்றதால், மாதக்கணக்கில் அதையே வாங்கி விழுங்கினார்.

பிறகு அவருக்குத் தூக்கம் போனது, மறதி வந்தது. அதிர்ந்து பேசாத மனிதர் ஒருநாள், "சாயாவுல என்னடீ கலந்தே?" என்று என் கழுத்தை இறுக்கிப் பிடித்தார். பைத்தியம் என்றார்கள் உறவினர்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மாத்திரை அட்டையைப் பார்த்தார். "சேச்சி, இது ஸ்டீராய்டு. பதற்றத்துல உடம்பு சுரக்கிற ஹார்மோன் மாதிரி. அளவு மீறினா மூளையைக் கலக்கிடும். சட்டுன்னு நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து" என்றார். படிப்படியாகக் குறைத்ததில் என் கணவர் எனக்குத் திரும்பக் கிடைத்தார்.

கடைக்காரரிடம் போய்ச் சத்தம் போட்டேன். "சேட்டன் கேட்டாரு, ஞான் கொடுத்தேன்" என்று சிரித்தார். அங்கிருந்து நேராகப் போய், மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுத்துவிட்டேன்.

இப்போது சீட்டில்லாமல் எங்கள் வீட்டுக்குள் ஒரு மாத்திரையும் நுழைவதில்லை. அந்தக் கடையில் யாராவது அப்படி வாங்கினால், தெருவிலேயே நிறுத்தி, என்ன மாத்திரை என்று கேட்கிறேன். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.