உருண்டை வீட்டு மத்தியானம்

மருத்துவமனையில் அவளைத் துணியறை அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாகப் படுக்கை விரிப்புகளை மடித்து, வார்டு வாரியாகப் பிரித்து அனுப்புகிற வேலை. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து வந்து விழுவதைச் சூடு ஆறுமுன் மடித்தாக வேண்டும். ஆறினால் சுருக்கம் விழும். சுருக்கம் விழுந்தால் தலைமை நர்ஸ் வாசலில் வந்து நிற்பார். எட்டு மணி நேரமும் நின்றபடி வேலை. வீட்டுக்கு வந்தால் குதிகால் இரண்டும் தனியாக அழும்.

இலையுதிர்கால விடுமுறைக்கு என்ன செய்யலாம் என்று அவளைக் கேட்டிருந்தால் தூங்கலாம் என்றிருப்பாள். யாரும் கேட்கவில்லை. கணவர் பள்ளியில் புவியியல் ஆசிரியர். வரைபடத்தை விரித்துவிட்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. ஒன்பது நாளில் ஆறு வீடு, எல்லாம் பழைய நண்பர்கள் என்று அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். மகள்கள் இரண்டு பேரும் குதித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

ஐந்தாம் நாளுக்குள் நாலு வீடு முடிந்திருந்தது. எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், உனக்கு முடி கொட்டிவிட்டது, எனக்கு நரைத்துவிட்டது. எல்லா வீட்டிலும் "நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்றார்கள். உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? எழுந்துபோய்ப் பாத்திரம் துடைத்தாள். இரவில் யார் வீட்டு சோபாவிலோ காலை மடக்கிப் படுத்தாள். காரில் கண் அசந்தால், "அங்க பாரு, மரமெல்லாம் எப்படிச் சிவந்திருக்குன்னு" என்று கணவர் எழுப்பிவிட்டார்.

ஐந்தாவது வீடு அவளுடைய தோழி வீடு. கல்யாணத்துக்கு முன் சட்டைத் தொழிற்சாலையில் இருவரும் பக்கத்துப் பக்கத்து மெஷின். இவள் காலர் தைக்க, அவள் கை தைப்பாள். இவள் நெட்டை, அவள் உருண்டை. சூப்பர்வைசர் கத்தக் கத்த வாய் ஓயாமல் பேசியவர்கள். பார்த்துப் பதினாலு வருடம் ஆகிவிட்டது. இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் அவள் ஆசையாகத்தான் போனாள்.

கதவைத் திறந்தவளைப் பார்த்துத் திகைத்தாள். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது.

"எங்கடி போச்சு உருண்டை?"

"ரெண்டு வருஷமா மாமியார் படுத்த படுக்கைடி. அதுக்கு மேல ஃபேக்டரி வேற. நீ வரேன்னுதான் அவங்கள நாலு நாள் நாத்தனார் வீட்டுல விட்டிருக்கோம்."

சாப்பாடு முடிந்ததும் உருண்டையின் கணவர் எழுந்தார். "நாங்க பிள்ளைங்கள ஏரிக்குக் கூட்டிட்டுப் போறோம். நீங்க ரெண்டு பேரும் ஆசை தீரப் பேசுங்க."

கார் போனது. உருண்டை தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு டீ கொண்டுவந்தாள். சோபாவின் இரண்டு மூலையிலும் ஆளுக்கொருத்தியாகக் காலை நீட்டினார்கள். ஜன்னல் வழியே வெயில் இதமாக மடியில் விழுந்தது.

"அந்த சூப்பர்வைசர் இப்ப என்ன பண்றான் தெரியுமா..." என்று ஆரம்பித்தாள் உருண்டை.

"என்ன பண்றான்?"

பதில் வரவில்லை. தோழியின் தலை சாய்ந்திருந்தது. தட்டி எழுப்பலாமா என்று துணியறை அக்கா நினைத்தாள். நினைத்ததோடு சரி.

மூன்று மணி நேரம் கழித்து ஏரியிலிருந்து வந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். சத்தமில்லை. போன் உள்ளேயே அடித்து அடித்து ஓய்ந்தது. கணவர்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுத்தியலோடு வந்துவிட்டார். சின்ன மகள்தான் சுற்றிப் போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா வாயப் பொளந்துட்டுத் தூங்குறாங்கப்பா! அத்தையும்தான்!"

கண்ணாடியை ஓங்கித் தட்டியதில் இருவரும் துள்ளி எழுந்தார்கள். டீ ஆடை கட்டிக் கிடந்தது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்த உருண்டை திடீரென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்படித் தூங்கி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?" என்றாள்.

மறுநாள் காலையில் கிளம்பினார்கள். காரில் கணவர் முணுமுணுத்தார். "பதினாலு வருஷம் கழிச்சுப் பாக்க வந்து தூங்கிட்டு வரியே."

"நல்லா இருந்துதுங்க. வீட்டுக்குப் போயிடலாம்."

"இன்னும் ஒரே ஒரு வீடுதானே?"

"என்னால முடியலங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் மல்லுக்கு நின்றிருப்பார். குரலில் கோபமே இல்லை. அவர் வண்டியைப் பெட்ரோல் பங்குக்குள் திருப்பினார். பெட்ரோல் போட இறங்கியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் நின்றார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: மனுஷனும் ஆறு நாளாகச் சரியாகப் படுக்கவில்லை.

"எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடுங்க" என்றாள்.

கடைசி வீட்டு நண்பருக்குப் போன் போட்டார். காய்ச்சல் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். மறுமுனையில் நண்பர் பதறவே இல்லை. "அடடா, அப்ப உடம்பப் பாத்துக்கச் சொல்லுப்பா. நாங்களும் நேத்துதான் வெளியூர்ல இருந்து வந்தோம், அடிச்சுப் போட்ட மாதிரி கெடக்கோம். அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றவரின் குரலில் நிம்மதி வழிந்தது. கணவருக்கு முகம் தொங்கிப்போனது. பிறகு அவரே சிரித்துவிட்டார்.

மிச்சமிருந்த நாட்களில் அழுக்குத் துணிப் பை பிரிக்காமலே கிடந்தது. நால்வரும் தூங்கினார்கள், எழுந்து சாப்பிட்டார்கள், மறுபடி தூங்கினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உருண்டை போன் செய்தாள். மாமியார் திரும்பி வந்தாயிற்று; குரலிலேயே தெரிந்தது.

"அன்னிக்கு ஒண்ணுமே பேசலியேடி நெட்டை."

"இப்பச் சொல்லு. அந்த சூப்பர்வைசர் என்னதான் பண்றான்?"

"அது ஒரு பெரிய கதைடி" என்று உருண்டை உற்சாகமாகத் தொடங்கினாள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டது. "இதோ வரேன் அத்தை" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.