மச்சான்ர எஞ்சினும் என்ர வயித்தெரிச்சலும்

மச்சான் புது எஞ்சின் வாங்கினது எனக்குத் துப்பரவாப் பிடிக்கேல்லை. இதை முதலே சொல்லிப்போடுறன். பிறகு நீங்கள் என்னை நல்ல பெடியன் எண்டு நினைச்சு ஏமாறக்கூடாது.

மச்சான் எண்டால் மாமான்ர மகன். என்னைவிட ஒரு வயசு மூப்பு. மற்றதெல்லாம் சரிக்குச் சரி. ரெண்டு பேரும் ஒன்பதாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டனாங்கள். ரெண்டு பேருக்கும் முல்லைத்தீவுக் கரையில ஆளுக்கொரு சின்னப் போட், அதில ஒரே மாதிரிப் பழைய மண்ணெண்ணெய் எஞ்சின். கரைக்கு வந்தால் எஞ்சினைக் கழட்டி, தடியில கட்டி, முன்னுக்கு அவன் பின்னுக்கு நான், வாடிக் கொட்டிலுக்குக் காவிக்கொண்டு போவம். முதல் அவன்ரை, பிறகு என்ரை. சுடுமணலில ஆளையாள் தூசணத்தால பேசிக்கொண்டு போறதும் ஒரு சுகம்தான்.

அதுக்குள்ள இந்த ஃபோர் ஸ்ரோக் வந்து சேந்துது. பழையதைவிடச் சின்னப் பெற்றோல் எஞ்சின். புகை இல்லை, சத்தம் இல்லை, பாரமும் இல்லை. அவன் அதைக் குழந்தைப்பிள்ளையைத் தூக்கிற மாதிரித் தோளில போட்டுக்கொண்டு தனிய நடக்கிறான்.

"டேய், நானும் ஒரு கை பிடிக்கட்டே?"

"வேண்டாமடா. நீ களைச்சுப் போவாய்."

அந்த ஒரு கதையிலயே எனக்கு வயிறு பத்திச்சுது.

"இது எஞ்சினோ, தையல் மெசினோ? அப்பிடியே எனக்கொரு களிசானும் தைச்சுத் தா" எண்டு கரையில எல்லாருக்கும் கேக்கக் கத்தினன். சனம் சிரிச்சுது. அவனும் சிரிச்சான். அவன் சிரிச்சதுதான் எனக்குப் பொறுக்கேல்லை.

வீட்டை போனால் அம்மா தொடங்கிறா. "அவன் கடலுக்குப் போட்டு வந்தாலும் உடுப்பில ஒரு மணமில்லை. நீ வந்தால் குசினி வரைக்கும் மண்ணெண்ணெய்."

"அம்மா, நீங்கள் பெத்தது என்னையோ, அந்த எஞ்சினையோ?"

"எஞ்சினெண்டால் சொன்னபடி கேக்கும்" எண்டுட்டா.

ஆனா கடவுள் எண்டு ஒருத்தர் இருக்கிறார். மூண்டு நாளா அந்தப் போட் சரியா ஓடேல்லை. வேகம் குடுத்தால் மூக்கைத் தண்ணிக்குள்ள குத்துது. மண் கிண்டிற பண்டி மாதிரிப் போகுது. முன்னால தண்ணி ஏறி, இவன் கோலிக் கோலி வெளியில ஊத்திறான்.

என்ன பிழையெண்டு எனக்கு முதல் நாளே விளங்கிட்டுது. பழைய எஞ்சின் இருக்கேக்க அதின்ர பாரத்தில பின்பக்கம் அமிழும். அதுக்காக வலை, நங்கூரம், ஐஸ் பெட்டி எல்லாத்தையும் முன்னுக்கு ஏத்துவம். அவன் எஞ்சினை மாத்தினவன், சாமானை மாத்தேல்லை. பழகின கை பழகின இடத்திலதானே போடும்.

எனக்குத் தெரியும். சொன்னனானோ? இல்லை. வாய்க்குள்ள கொழுக்கட்டை.

மூண்டாம் நாள் பின்னேரம் அவன்ர முகம் செத்துப்போச்சு. "இது எங்கட கடலுக்குச் சரிவராது. நாளைக்கு வவுனியாவில வாங்கின கடைக்கே கொண்டுபோய்க் குடுத்திட்டு வரப்போறன். நீயும் ஒருக்கா ஓடிப்பாரடா, பிழை ஏதும் விளங்குதோ எண்டு."

அங்கதான் நான் விழுந்தன். குடுக்கட்டும், நல்லது எண்டு மனம் சொல்லுது. கை சொல்லுது, போக முதல் ஒருக்காத் தொட்டுப்பார் எண்டு. ஏறிப் பின்னுக்கு இருந்து கைபிடியைப் பிடிச்சன். அவன் எஞ்சினைப் பாக்கவெண்டு எனக்குப் பக்கத்திலயே வந்து குந்தினான். ரெண்டு தடியன்களின்ர பாரமும் பின்னுக்கு. போட் மூக்கை நிமித்திக்கொண்டு பறந்துது! வெண்ணெய் வெட்டின மாதிரி. நான் என்னை மறந்து 'கூ' எண்டு கூக்காட்டிப்போட்டன்.

அவன் கூக்காட்டேல்லை. முன்னுக்குப் பாத்தான், வலையைப் பாத்தான், என்னைப் பாத்தான்.

"பாரமடா! பின்னுக்குப் பாரம் காணாமல் இருந்திருக்குது." என்ர பக்கம் திரும்பினான். "உனக்குத் தெரியும், என்ன?"

"ஓம்."

"எப்ப?"

"முதல் நாளே."

"மூண்டு நாளா உப்புத்தண்ணி குடிச்சனடா, நாயே! ஏன்டா சொல்லேல்லை?"

"எரிச்சலடா" எண்டன்.

காலால ஒரு உதை விட்டான். கடலுக்குள்ள விழப் பாத்தன். ஆனாலும் கைபிடியை விடேல்லை. பிறகு அவன் சிரிக்கத் தொடங்கினான், நானும் சிரிச்சன். இனி ஒவ்வொரு நாளும் தன்னோட ஏறச் சொல்லுவான், பின்னுக்கு இருக்க ஆள் வேணும்தானே எண்டு நான் உள்ளுக்குள்ள கணக்குப் போட்டன்.

அடுத்த நாள் விடிய கரைக்குப் போனால், அவன்ர போட்டில வலை நடுவில கிடக்குது. பின்னுக்கு நான் இருந்த இடத்தில ஒரு உர பாக், நிறைய மண்.

"டேய், பாரம் குறைஞ்ச எஞ்சினை வாங்கிப்போட்டு மண் ஏத்துறியே?"

"ஓமடா. இது எரிச்சல்படாது, வாயும் காட்டாது" எண்டிட்டுப் போட்டைத் தள்ளினான்.

நான் என்ர எஞ்சின்ர கயித்தை ஒன்பதாந்தரம் இழுத்துக்கொண்டு நிக்கிறன். அந்த மண் பாக் சத்தமே இல்லாமல் என்னைக் கடந்து போகுது, மச்சானுக்குப் பக்கத்தில, ராசா மாதிரிக் குந்திக்கொண்டு.